குடல் அழற்சி நோய்: அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் பார்வையிடும் பணியில் உள்ள ஒருவர் குடலைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது அங்கத்தினர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. கடன் மனுவில் "கடன் எதற்காக" என்றொரு கேள்வி இருக்கிறது. பயிர்ச் செலவு, மகள் திருமணம், வீட்டுக் கூரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அங்கே மிகுதியும் எழுதப்படுவது "வைத்தியச் செலவு" என்பதாகும். விபத்துக்கோ பிரசவத்துக்கோ வாங்கிய கடன் ஒருமுறையோடு நின்றுவிடும். சில குடும்பங்களின் மனுவோ ஆண்டுக்கு இருமுறை, மும்முறை வருகிறது. விசாரித்தால், தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் மகனுக்கோ மகளுக்கோ வயிற்றில் ஓயாத தொல்லை என்பார்கள். சூட்டுக்கு ஒரு வைத்தியம், மூலத்துக்கு ஒரு வைத்தியம், பெயர் சொல்லப்படாத ஒன்றுக்கு இன்னொரு வைத்தியம் என்று பார்த்தாகிவிட்டது. நகைகள் அடகில் இருக்கின்றன. நோய் இன்னதென்று மட்டும் எவரும் கூறவில்லை.

இவ்வாறு பெயர் தெரியாமலேயே உடலையும் பொருளையும் கரைக்கும் நோய்களுள் ஒன்று குடல் அழற்சி நோய். பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையே தோன்றுவது. அதாவது, ஒரு குடும்பத்துக்குப் புதிதாக வருமானம் வரத் தொடங்கும் வயதில் தோன்றுவது. குன்றத்தூரிலும் காஞ்சிபுரத்திலும் தறியில் அமர்ந்த தந்தையின் மக்கள் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்டு பஸ் ஏறும் இக்காலத்தில், இந்நோயைக் குறித்து நாம் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

நோயின் இயல்பு

நம் சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய 20 அடி. பெருங்குடலின் நீளம் ஏறக்குறைய 5 அடி. உண்டதன் சத்தை முன்னது உறிஞ்சுகிறது. நீரைப் பின்னது உறிஞ்சுகிறது. குடலினுள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. பல நன்மை செய்பவை. தீயவற்றை எதிர்ப்பதும் நல்லவற்றைப் பொறுத்துக்கொள்வதும் குடற்சுவரில் காவல் நிற்கும் எதிர்ப்பாற்றலின் வேலை. சிலரிடத்தில் இந்தக் காவல் தடுமாறிவிடுகிறது. திருடன் ஓடிப்போன பின்னும் கம்பைக் கீழே வைக்காமல் வீட்டாரையே அடிக்கும் காவற்காரனைப்போல, அது குடற்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகி, இரத்தம் கசிகிறது. இதுவே அழற்சி.

இந்நோயில் இரு பெரும் வகைகள் உண்டு. முதலாவது பெருங்குடற்புண் அழற்சி. மருத்துவர்கள் அல்சரேடிவ் கொலைடிஸ் என்பார்கள். 1859-ஆம் ஆண்டிலேயே லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்னும் மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். இது மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பெருங்குடலில் பரவும். சுவரின் உட்பரப்போடு பெரும்பாலும் நின்றுவிடும். இரத்தமும் சளியும் கலந்த மலமும், போனது போதாதென்று மீண்டும் மீண்டும் எழுப்பும் உந்துதலும் இதன் அடையாளங்கள்.

இரண்டாவது கிரோன் நோய். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்ற மூவர் எழுதிய கட்டுரையால் இது உலகறிந்தது. பெயர்கள் அகர வரிசையில் அச்சாகியிருந்தமையால் முதலில் நின்றவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றக்கூடும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் சந்தியில் மிகுதியும் தோன்றும். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக வந்து, சுவரின் முழுப் பருமனையும் ஊடுருவும். அதனால் குடல் குறுகி அடைபடுவதும், புண் துளைத்துக்கொண்டு பக்கத்தில் வழி திறப்பதும் உண்டு. பவுத்திரம் என்று அறுவை செய்துகொண்டு, ஆறாமல் மறுபடியும் மறுபடியும் சீழ் கட்டுகிறவர்களில் சிலருக்கு உள்ளே இருப்பது இந்நோயே.

இரு வகைக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. சில வாரங்கள் சீறி எழும், பின் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும், மறுபடி எழும். அடங்கியிருக்கும் காலத்தில் நோயாளி மற்றவரைப் போலவே உண்பார், உறங்குவார், உழைப்பார். நோய் நீங்கிவிட்டது என்றே நம்புவார். இந்த நம்பிக்கையினால் விளையும் கேட்டைப் பின்னர்க் கூறுவேன்.

இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிப்பிடத்தைப் பயன்படுத்துவதாலோ பரவாது. மிளகாயும் புளியும் இதை உண்டாக்குவதில்லை. கவலை இதை மிகைப்படுத்தலாம், பிறப்பிப்பதில்லை. இவ்வளவையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதன் காரணம், நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதே.

எவற்றோடு மயங்குகிறோம்?

வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றல்ல. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கைப்பேசித் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். அது உணவு நஞ்சு. அத்தகைய போக்கு பலருக்கு ஒரே நேரத்தில் வரும். சில நாள்களில் அடங்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் ஓய்வும் பெரும்பாலும் போதும். ஒருவருக்கு மட்டும் வந்து, நான்கு வாரம் கடந்தும் நில்லாமல், இரத்தம் கலந்து, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பி, எடையையும் குறைக்குமானால், அதை உணவின் மேலோ சூட்டின் மேலோ சுமத்தலாகாது.

மூலத்தில் இரத்தம் பொதுவாக மலத்தின்மேல் அல்லது மலம் கழித்தபின் சொட்டாக விழும். அழற்சியில் இரத்தம் சளியோடும் மலத்தோடும் கலந்தே வரும். எனினும், கண்ணால் பார்த்து முடிவு செய்யும் காரியம் அன்று இது. இரத்தம் என்றதும் "மூலம்தான்" என்று பரிசோதனையின்றி எழுதிக்கொடுக்கப்படும் களிம்பினால் இழக்கப்படும் மாதங்கள் கொஞ்சம் அல்ல. கூச்சமும் ஒரு காரணம். முழங்கால் வலியைத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் நாம், இதை வீட்டுக்குள்ளும் பேசுவதில்லை. பெண்பிள்ளைகள் தாயிடமும் சொல்வதில்லை.

சீதபேதி என்று நாம் அழைப்பதில் அமீபாவினால் வருவதும் உண்டு. அதற்குரிய மாத்திரையை ஒருமுறை முறையாக உட்கொண்டால் குணமாகும். அதே மாத்திரையை ஆண்டுக்கு ஐந்து முறை மருந்துக்கடையில் கேட்டு வாங்குபவர், தமக்கிருப்பது அமீபாதானா என்று ஒருமுறையேனும் மலப் பரிசோதனை செய்து பார்த்தல் வேண்டும். மறுபுறம், இரத்தமும் இன்றி, எடையும் குறையாமல், பகலில் மட்டும் மனக்கலக்கத்தோடு வந்து போகும் வயிற்று வலியும் போக்கும் பலருக்கு உண்டு. அது குடலின் செயற்கோளாறு, புண் அன்று. தொல்லை தருமேயன்றி ஆபத்து விளைவிப்பதில்லை.

மயக்கங்களுள் தலையாயது காசநோய் பற்றியது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மேல்நாட்டு நூல்களைப் படித்து நாம் இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

காசநோய் நுரையீரலுக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். அது குடலையும் பற்றும். பற்றும்போது எங்கே பற்றுகிறது? சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே சந்தியில்தான் மிகுதியும் பற்றுகிறது. வயிற்று வலி, காய்ச்சல், எடைக் குறைவு, குடல் குறுகல் ஆகிய குறிகளும் ஒத்தே இருக்கின்றன. குழாய்க் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். சதைத் துணுக்கைச் சோதித்தாலும் எல்லோரிடத்தும் காசக் கிருமி அகப்படுவதில்லை. காய்ச்சலும், இரவில் வியர்வையும், வயிற்றில் நீர் கோத்தலும், நுரையீரலில் வடுவும் இருந்தால் காசத்தின் பக்கம் ஐயம் சாயும். நெடுநாள் இரத்தப் போக்கும் ஆசனவாய்ப் பக்கத்துப் புண்ணும் இருந்தால் கிரோன் பக்கம் சாயும். சாய்வு வேறு, துணிபு வேறு.

இவற்றைப் பிரித்தறிவது ஏன் இத்தனை முக்கியம்? இரண்டுக்கும் மருந்து எதிரெதிரானது. கிரோன் நோய்க்குத் தருவன எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள். காசநோயுள்ளவருக்கு அவற்றைக் கொடுத்தால் அடங்கிக் கிடந்த கிருமி உடலெங்கும் பரவும், உயிருக்கே முடிவாகலாம். கிரோன் நோயுள்ளவருக்குக் காச மருந்தை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த மாதங்களில் குடல் தழும்பேறிச் சுருங்கும். இறுதியில் அறுவைக்குக் கொண்டுபோய் விடும். ஆகவே, முடிவு செய்ய இயலாதபோது நம் நாட்டு மருத்துவர்கள் முதலில் காச மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து, மீண்டும் குழாய்க் கண்ணாடியால் குடலைப் பார்க்கிறார்கள். புண் ஆறியிருந்தால் காசம். ஆறாதிருந்தால் மறுபடி ஆராய்கிறார்கள். "மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார், டாக்டருக்கே தெரியவில்லை" என்று குறை கூறி வேறிடம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டாம் முறைப் பார்வைக்கு முன்னரே இடம் மாறுவோர், மறுபடி முதற்படியிலிருந்தே தொடங்குகின்றனர்.

காசநோய் என்று தெரிந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம், நோயாளி ஆரோக்கிய நிலையத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் அதே குணம் கிடைக்கும் என்பதை 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய நிறுவனமாக விளங்கும் அதே மையம், வயிற்றுக் காசத்துக்கு ஆறு மாத மருந்து பன்னிரண்டு மாத மருந்துக்கு ஈடானதென்று 1997-இல் வெளியிட்டது. அரசு மருத்துவமனையில் இம்மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது.

இந்நோய் இங்கே ஏன் வருகிறது?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் உரிய நோயென்றே கருதப்பட்டது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் குடியேறிய இந்தியர்களிடையே பெருங்குடற்புண் அழற்சி அவ்வூர்ப் பூர்வ குடிகளைவிட மிகுதியென்று 1992-இல் ஓர் ஆய்வு கூறியது. ஆகவே, நம் உடலுக்கு இது ஒவ்வாத நோய் அன்று. நாம் வாழ்ந்த முறைதான் இதைத் தள்ளி வைத்திருந்தது போலும். பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு லட்சம் பேருக்கு 44 பேர் அதே நோயுற்றிருந்தது தெரியவந்தது.

நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கிரோன் நோயாளர் 200 பேரையும் நோயற்றோர் 200 பேரையும் ஒப்பிட்டு, 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டு வளவில் மாடு கட்டியிருந்தோரும், வழக்கமாக மீன் உண்போரும் நோயாளரிடையே குறைவாக இருந்தனர். பாதுகாப்பான குடிநீர் வசதி பெற்றோர் சற்று மிகுதியாக இருந்தனர். உழவர் பெருமக்கள் இதைப் படித்துப் புன்னகை புரியலாம். சிறு வயதில் மண்ணோடும் மாட்டோடும் பழகிய எதிர்ப்பாற்றல் எதைப் பொறுப்பது, எதை எதிர்ப்பது என்று கற்றுக்கொள்கிறது என்பது அறிஞர் சிலரின் ஊகம். இதை நம்பிக் குட்டை நீரைக் குடிக்கத் தொடங்க வேண்டாம். காலராவும் டைபாய்டும் ஊரை வாரிக்கொண்டு போன காலத்தை நம் பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள். பாதுகாப்பான குடிநீர் காப்பாற்றிய உயிர்களுக்கு முன் இந்தக் கணக்கு மிகச் சிறிது.

ஏரிப் பாசன வயல்கள் தொழிற்பேட்டைகளாக மாறியதையும், தொழுவங்கள் வாடகை அறைகளாக மாறியதையும், பொட்டலத் தீனி பெருகியதையும் இப்பகுதியில் நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். ஆயினும், "கம்பெனிச் சாப்பாட்டால் வந்தது" என்று சொல்வதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. பரம்பரைக் கூறும், நுண்ணுயிர்களின் மாற்றமும், வாழ்க்கை முறையும் கலந்து வருவது இது.

மருந்தும் அதன் ஒழுங்கும்

ஐயம் எழுந்தவுடன் செய்ய வேண்டியவை: மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, அதன்பின் மருத்துவர் கூறினால் கோலனாஸ்கோப்பி எனும் குழாய்க் கண்ணாடிச் சோதனையும் சதைத் துணுக்கு ஆய்வும். இக்கடைசிச் சோதனைக்கு அஞ்சி ஓராண்டைக் கழிப்பவர்கள் உண்டு. மயக்க மருந்து கொடுத்தே பெரும்பாலும் செய்கிறார்கள். அரை மணி நேரத்துக் காரியம். முந்தைய நாள் பேதி மருந்து குடிப்பதுதான் உண்மையில் தொல்லை.

பெருங்குடற்புண் அழற்சிக்கு அடிப்படையானவை சல்ஃபாசலசின், மெசலமின் என்பன. முன்னதை ஸ்வீடன் நாட்டின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவர் மூட்டு நோய்க்காக உருவாக்குவித்தார். அது குடலுக்கும் உதவுவதை 1940-களில் கண்டறிந்தார். மலக்குடலோடு நோய் நின்றிருந்தால் ஆசனவாய் வழியே வைக்கும் மருந்தே மாத்திரையைவிடச் சிறந்தது. கூச்சத்தால் அதை மறுப்பவர்கள் நட்டமடைகிறார்கள். சல்ஃபாசலசின் உட்கொள்ளும் ஆண்களுக்கு விந்தணுக்கள் குறையலாம்; நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். புதிதாய் மணமானோர் இதை மருத்துவரிடம் கேட்டு வேறு மருந்துக்கு மாறிக்கொள்ளலாம்.

நோய் சீறும்போது ஸ்டீராய்டு தேவைப்படும். 1955-இல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்னும் இருவர் கார்ட்டிசோன் பயன் தருவதை முறையான ஆய்வால் நிறுவியபின், முன்பு பலரைக் கொன்று வந்த கடுந்தாக்குதலில் உயிர் பிழைப்போர் பெருகினர். ஆனால் ஸ்டீராய்டு தீயணைக்க வந்த வண்டி. அதை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு குடித்தனம் நடத்த இயலாது. நெடுநாள் உட்கொண்டால் எலும்பு தேயும், சர்க்கரை நோய் வரும், கண்ணில் புரை விழும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். பெயர் அச்சிடாத பொட்டலத் தூளைத் தின்று மூன்றே நாளில் "அற்புத குணம்" கண்டவர்கள் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்க.

ஸ்டீராய்டைக் குறைத்தபின் நோயை அடக்கி வைக்கப் பலருக்கு அசதையோபிரின் தருகிறார்கள். நம்மவர் சிலரின் பரம்பரைக் கூற்றினால் இம்மருந்து வெள்ளணுக்களைச் சடுதியில் குறைத்துவிடும். தலைமுடி கொத்தாக உதிர்தல் அதன் முன்னறிகுறி. தொடக்க வாரங்களில் இரத்தச் சோதனையைத் தவற விடலாகாது. இவற்றுக்கும் அடங்காதபோது இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்குமுன் மறைந்த காசநோய் உண்டாவெனச் சோதித்தே தீர வேண்டும். அறுவையும் ஒரு வழியே. பெருங்குடலை எடுத்துவிட்டால் புண் அழற்சி ஒழியும். கிரோன் நோயிலோ அறுத்த இடத்தருகே மீண்டும் வரக்கூடும்.

இப்போது முன்னர்ச் சொல்வதாகக் கூறியதற்கு வருகிறேன். நோய் அடங்கிய மூன்றாம் மாதத்தில் பெரும்பாலோர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். "உடம்பு நன்றாயிருக்கிறது, எதற்கு வீண் செலவு?" என்பது வாதம். உடம்பு நன்றாக இருப்பதே அம்மருந்தினால் என்பதை மறந்துவிடுகிறோம். மெசலமினை விடாது உட்கொள்வோரைவிட இடையில் நிறுத்துவோருக்கு நோய் பன்மடங்கு திரும்புகிறது. திரும்பும்போது ஒரு மாத மாத்திரைச் செலவு போய், ஆஸ்பத்திரிப் படுக்கையும், வேலையிழப்பும், நகைக்கடனும் வருகின்றன. தவணை தவறாமல் கட்டியதால் வட்டி ஏறாதிருக்கும் கணக்கைப் பார்த்து, "வட்டியே இல்லையே, தவணை எதற்கு?" என்று கேட்பவரை நான் எந்தச் சங்கத்திலும் கண்டதில்லை. மருந்துக் கணக்கில் மட்டும் அந்தக் கேள்வி நாள்தோறும் எழுகிறது.

ஷிப்டு மாறி மாறி வேலை செய்வோருக்கு வேளை தவறுவது இயல்பு. மெசலமினை மூன்று வேளையாகப் பிரிக்காமல் நாளுக்கு ஒரே வேளையாக எடுத்தாலும் நோயை அடக்கி வைக்கும் காலத்தில் பயன் குறைவதில்லை. தமக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

நெசவாளர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். குழித்தறியில் நாள் முழுதும் மிதித்து இடுப்பும் முழங்காலும் நொந்தவர்கள் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகை வலி மாத்திரைகளைத் தேநீர்போல் பழகிக்கொண்டுவிட்டனர். இந்நோயுள்ளவருக்கு இவை அடங்கிய குடலைக் கிளறிவிடும். பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். மூட்டு வலியே இந்நோயின் ஒரு வெளிப்பாடாகவும் இருக்கலாம். கண் சிவத்தலும் வாய்ப்புண்ணும் அவ்வாறே. புகைப்பது கிரோன் நோயை நிச்சயமாக மோசமாக்கும்.

உணவும் வாழ்வும்

இந்நோயைக் குணமாக்கும் பத்தியம் என்று ஒன்று இல்லை. நான் கேட்ட பத்தியங்களை எல்லாம் ஒருங்கே கைக்கொண்டால் நோயாளிக்கு மிஞ்சுவது கஞ்சித் தண்ணீர் மட்டுமே. அதைத்தான் பல வீடுகளில் செய்கிறார்கள். இரத்தமும் சத்தும் வெளியேறிக்கொண்டிருக்கும் உடலுக்குச் சோற்றையும் குறைத்தால் என்னாகும்? நோய் சீறும் காலத்தில் குழைந்த சோறு, இட்லி, வேகவைத்த முட்டை, மீன், ஒத்துக்கொண்டால் தயிர் ஆகியன நல்லவை. குடல் குறுகியவர்கள் மட்டும் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு போன்ற நார்ப்பொருள்களைத் தவிர்க்க வேண்டும். நோய் அடங்கியபின் தமக்கு ஒவ்வாததென்று தாமே கண்டதை மட்டும் நீக்கி, மற்ற எல்லாவற்றையும் உண்ணலாம். பால் ஒவ்வாமை தென்னாட்டில் பொதுவாகவே பலருக்கு உண்டு. அதை நோயோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

திருமணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நோய் அடங்கிய நிலையில் கருத்தரித்தால் பெரும்பாலும் சுகப்பேறே. மெசலமின், அசதையோபிரின் ஆகியவற்றைக் கருவுற்றோரும் மருத்துவர் மேற்பார்வையில் தொடர்ந்து உட்கொள்கின்றனர். மெத்தோட்ரெக்சேட் மட்டும் ஆகாது. பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சற்று அதிகம் என்பது மெய். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதும் மெய். மறைத்துச் செய்த திருமணத்தில் மருந்தை மறைவாக உண்ண வேண்டிவந்து, அதனாலேயே மருந்து நின்றுபோவதுண்டு. பெண் வீட்டாரிடமும் பிள்ளை வீட்டாரிடமும் முன்னரே சொல்லிவிடுவதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. வெளியே இருந்து சொல்வது எளிது என்பதையும் அறிவேன்.

நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் இரத்தப் போக்கும், அதனோடு காய்ச்சலோ நாடி நிமிடத்துக்கு 90-க்கு மேலோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாதிருந்தாலும் அவ்வாறே. பெருங்குடலில் நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனவர்கள், தொல்லை இல்லாவிட்டாலும் புற்று அரும்புகிறதா என்று குழாய்க் கண்ணாடியால் காலமுறைப்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றி

காஞ்சிபுரத்து அரசுத் தலைமை மருத்துவமனையிலும் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியிலும் முதலில் காட்டலாம். அங்கிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ எழுதிக்கொடுப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். அறுவையும் மருத்துவமனைச் சிகிச்சையும் பற்றி அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். தொழிற்சாலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் மகனோ மகளோ இருந்தால், பெற்றோர் சங்கத்தில் கடன் கேட்குமுன் அந்த அட்டையைப் பார்க்க வேண்டும். நோய் விடுப்புக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை அதில் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது உண்டு. வேலை போய்விடுமென்று அஞ்சி, விடுப்புக்குச் சான்று வாங்காமல் சொல்லாமலே நின்றுவிடுகிறவர்கள் இந்தத் தொகையையும் இழந்து, வேலையையும் இழக்கின்றனர்.

2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஏறக்குறையப் பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. இந்நோய்க்கான மாத்திரைகளை வாங்குவோர் ஓர் ஊரில் இருவர் மூவரே இருப்பர். கேட்பார் இல்லையென்று கடையில் வைக்கமாட்டார்கள். மருந்தின் பெயர், அளவு, மாதத்துக்கு எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி, மருத்துவரின் சீட்டு நகலோடு சங்கச் செயலாளரிடம் கொடுத்தால், பக்கத்துச் சங்கங்களின் தேவையையும் சேர்த்து மொத்தமாக வரவழைக்கக் கேட்கலாம். அடுத்த மாதப் பார்வையின்போது அத்தகைய தாள் ஏதேனும் வந்திருக்கிறதா என்று நானும் செயலாளர்களிடம் விசாரிப்பேன்.